தலைக்காயத்துக்குப் பின் கண்: படுக்கையோர அல்ட்ராசவுண்டில் அறிகுறிவாரியாகப் பார்க்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்தின் மருத்துவமனையில் நான் பணியாற்றுகிறேன். மூளையில் இரத்தக்குழாய் வெடித்து, வெளியூரில் அறுவை சிகிச்சை முடிந்து, மூன்றாவது வாரத்தில் எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் தோட்டத்தில் குலை வெட்டியவர், நாற்பதைத் தாண்டியவர். கேட்டால் பதில் சொல்வார், கையைப் பிடித்தால் இறுக்கிப் பிடிப்பார், ஆனால் பயிற்சிக்கு எழுப்பி நிறுத்தினால் இரண்டடி வைப்பதற்குள் உட்கார்ந்துவிடுவார். அவருடைய குறிப்பேட்டில் நாங்கள் மூன்று நாள் தொடர்ந்து "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியிருந்தோம். நான்காம் நாள் மத்தியானம் சோறு கொண்டுவந்த அவருடைய மனைவிதான் என்னை நிறுத்திச் சொன்னார்: "டாக்டர், நான் பேசுனா திரும்புறாரு, ஆனா மொகத்தப் பாக்க மாட்டேங்கிறாரு. மைலோவைக் கையில குடுத்தா குடிக்கிறாரு, மேசையில வச்சா தடவுறாரு."

அன்று மாலை அவருடைய மூடிய இமையின் மேல் அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தின் புரோபை, அதாவது உடலில் வைத்து ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கைப்பிடியை, வைத்தேன். கண்ணின் நடுப்பகுதி திரையில் கறுப்பாகத் தெரிய வேண்டும். அவருக்கோ இரண்டு கண்களிலும், இடமும் வலமும் பார்க்கச் சொன்னபோதெல்லாம், கலக்கிவிட்ட குளத்துச் சேறு போலச் சாம்பல் நிறத் துகள்கள் எழும்பிச் சுழன்று, கண் நின்ற பிறகும் சிறிது நேரம் ஆடி, மெல்லக் கீழே படிந்தன. அது கண்ணுக்குள் தேங்கிய இரத்தம். அவர் மூன்று வாரமாகப் பார்வையில்லாமல் படுத்திருந்தார்; அதைச் சொல்லும் தெளிவு அவருக்கு அப்போது இல்லை, கேட்கும் எண்ணம் எங்களுக்கு வரவில்லை.

இந்த நிலைக்கு டெர்சன் நோய்க்குறி என்று பெயர். 1881-இல் மோரிட்ஸ் லிட்டன் என்பவரும், 1900-இல் பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஆல்பெர் டெர்சனும் இதை விவரித்தார்கள். மண்டைக்குள் அழுத்தம் சட்டென ஏறும்போது, அது பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறை வழியாகக் கண்ணின் பின்புறம் வரை இறங்கி, விழித்திரையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் சிரையை நெருக்குகிறது; வெளியேற வழியில்லாத இரத்தம் நுண்குழாய்களைக் கிழித்துக்கொண்டு கண்ணுக்குள் கசிகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். மூளையுறைக்கு அடியில் இரத்தம் கசிந்தவர்களிடம் இது அதிகம். மோட்டார் விபத்தில் தலை அடிபட்டவர்களிடமும் உண்டு. 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், கண்ணைத் தேடிப் பார்த்த ஆய்வுகளில் 13 விழுக்காட்டினரிடமும், பழைய பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வுகளில் 3 விழுக்காட்டினரிடமும் மட்டுமே இது பதிவாகியிருந்தது. நோய் ஒன்றுதான், தேடியவர்களுக்குக் கிடைத்தது, தேடாதவர்களுக்குத் தப்பியது.

கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பதே சிறந்த சோதனை. ஆனால் மருந்தால் விரிந்த கண்மணி, மூளை வீங்குவதைக் காட்டும் முதல் எச்சரிக்கையை மணிக்கணக்கில் மறைத்துவிடும். ஆகவே முதல் நாட்களில் மூளை அறுவை மருத்துவரைக் கேட்காமல் அந்தச் சொட்டு மருந்தைத் தொடக்கூடாது. கண்புரை முற்றிய முதியவரிடம் விளக்கொளி உள்ளே போவதும் இல்லை. அல்ட்ராசவுண்டுக்கு இந்த இரண்டு தடைகளும் கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் விபத்துக்காரர்களின் வயிற்றுக்கும் பயன்படுத்தும் இயந்திரம் எங்களைப் போன்ற மாவட்ட மருத்துவமனையிலும் இருக்கிறது.

புரோபை எடுப்பதற்கு முன்

கண் உருண்டையே கிழிந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் புரோபை வைக்கவே கூடாது. கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டிருந்தாலும், கார்னியாவில் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்தில்) வெட்டு தெரிந்தாலும், கறுப்பான சதை துருத்திக்கொண்டிருந்தாலும், கண் காற்றுப் போன பந்து போலச் சுருங்கியிருந்தாலும் அந்த ஐயம் போதுமானது. புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து கம்பித் துண்டு தெறித்தவர்களை நம் தோட்டங்களில் அடிக்கடி பார்க்கிறோம். அவர்கள் தலையும் அடிபட்டு வரும்போது இதை முதலில் நினைக்க வேண்டும். அப்படிப்பட்ட கண்ணில் படாமல், எலும்பு விளிம்பின் மேல் நிற்கும்படி கடினமான மூடியை ஒட்டி அனுப்ப வேண்டும். பஞ்சு வைத்து அழுத்திக் கட்டுவது கெடுதல்.

மற்றவர்களுக்கு, இரத்தக்குழாய் தேடப் பயன்படும் தட்டையான நேர்கோட்டுப் புரோப் வேண்டும், 7.5 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையக் கூடாது. வயிறு பார்க்கும் வளைந்த புரோப் இதற்கு உதவாது. இயந்திரத்தில் கண்ணுக்கான அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையோரத்தில் தெரியும் எம்.ஐ. எண் (ஒலியின் இயந்திர விளைவைக் குறிப்பது) 0.23-க்கு மேல் போகாதபடியும் டி.ஐ. எண் (வெப்ப விளைவைக் குறிப்பது) 1-க்கு மேல் போகாதபடியும் ஒலியின் ஆற்றலைக் குறைக்க வேண்டும். இமையை மூடி, மெல்லிய ஒளிபுகு ஒட்டுத்தாளை காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டி, அதன் மேல் ஜெல்லைக் குவித்து வைக்க வேண்டும். சுண்டுவிரலை மூக்கின் மேலோ கன்ன எலும்பின் மேலோ ஊன்றிக்கொண்டால், கையின் எடை கண்ணில் இறங்காது. நான் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லும் அடையாளம் ஒன்று உண்டு: திரையின் உச்சியில், புரோபுக்கும் இமைக்கும் இடையே ஜெல் ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் பட்டை மறைந்தால் நீங்கள் கண்ணை அழுத்துகிறீர்கள் என்று பொருள்; கண்ணை அழுத்தினால் இதயத்துடிப்பு குறையக்கூடும் என்பதால் மானிட்டரையும் ஒரு கண் பார்த்திருக்க வேண்டும்.

விழித்திருக்கிறார், ஆனால் எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை

குரல் வந்த திசைக்குத் திரும்புகிறார், முகத்தைப் பார்ப்பதில்லை, தட்டில் சோற்றைத் தடவித் தேடுகிறார், தொட்டால் திடுக்கிடுகிறார், நடக்க மறுக்கிறார். இவை மூளைக் குழப்பத்தாலும் வரலாம், பார்வை போனதாலும் வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். முதலில் விரல்களை எண்ணச் சொல்லுங்கள், ஒவ்வொரு கண்ணாக. பிறகு புரோபை வையுங்கள்.

கண்ணுக்குள் கறுப்பாகத் தெரிகிறதென்று உடனே நிறுத்திவிடக் கூடாது. புதிதாகக் கசிந்த இரத்தம் மிக மங்கலாகவே எதிரொலிக்கும். வழக்கமான அமைப்பில் அது கண்ணில் படாது. கெயினை, அதாவது எதிரொலியைத் திரையில் பிரகாசமாக்கும் அளவை, படிப்படியாக ஏற்றி, கண் முழுவதும் மெல்லிய புகை போலத் தெரியத் தொடங்கும் வரை போய், பிறகு சற்றே இறக்குங்கள். இப்போது, "எடது பக்கம் பாருங்க, சோத்துப் பக்கம் பாருங்க, மறுபடி நேரா" என்று அவருக்குப் பழக்கமான பேச்சில் சொல்லுங்கள். பார்வை இல்லாதவரும் கண்ணைத் திருப்ப முடியும். கண் அசையும்போது துகள்கள் சுழன்று, கண் நின்ற பிறகும் அவை ஆடினால் அது இரத்தம். அப்படிச் சுழலாமல், கெயினைக் குறைத்ததும் முழுவதும் மறைந்தால் அது பெரும்பாலும் இயந்திரத்தின் இரைச்சல்.

மயக்கத்தில் இருப்பவரைக் கண்ணைத் திருப்பச் சொல்ல முடியாது. அவருடைய கண் தானாக அலையும் நேரத்துக்குக் காத்திருந்து பார்க்கலாம். கண்ணை அசைப்பதற்காகத் தலையைத் திருப்பும் வழக்கத்தைச் சிலரிடம் கண்டிருக்கிறேன். கழுத்தெலும்புக்கு அடியில்லை என்று உறுதியாகும் வரை, விபத்தில் வந்தவரிடம் அதைச் செய்யவே கூடாது.

இங்கே நம் சமூகத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நெடுநாள் இனிப்பு நீர் உள்ளவருக்குத் தலையில் அடிபடாமலேயே கண்ணுக்குள் இரத்தம் கசியும். ஆகவே அல்ட்ராசவுண்டில் இரத்தம் தெரிந்ததும் டெர்சன் என்று எழுதி மூடிவிடாமல், விபத்துக்கு முன் பார்வை எப்படி இருந்தது, கண்ணில் லேசர் செய்திருக்கிறாரா, மருந்துச் சீட்டில் என்ன இருக்கிறது என்று வீட்டாரிடம் கேளுங்கள். என் அனுபவத்தில் இதற்குச் சரியான பதில் நோயாளியின் மனைவியிடமோ மகளிடமோதான் கிடைக்கிறது. பழைய இரத்தமானாலும் புதிய இரத்தமானாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் அவர் செய்யப்போவது வேறுபடும்.

முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் விஷயம் முடியவில்லை. இரத்தம் முதல் மணி நேரத்திலும் வரலாம், பல நாள் கழித்து விழித்திரையிலிருந்து நடுப்பகுதிக்குப் பரவவும் செய்யலாம். மேலும், விழித்திரையின் மேல் மெல்லியதாகப் படர்ந்த இரத்தத்தை அல்ட்ராசவுண்ட் காட்டாது. குழந்தைகளிடம் இது இன்னும் முக்கியம்: சின்னக் குழந்தையின் தலைக்காயத்தில் விழித்திரைக் கசிவைத் தேடுவது கண் மருத்துவரின் வேலை, நம் ஸ்கேனைக் காட்டி அதைத் தவிர்க்கக் கூடாது.

திரையில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது

இரத்தத்தோடு, அல்லது இரத்தம் இல்லாமலே, ஒரு வெள்ளைச் சவ்வு மிதப்பதைக் கண்டால், அது எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தடித்த, பளிச்சென்ற சவ்வு அந்த இடத்தில் இறுகப் பிடித்திருந்து, அங்கிருந்து ஆங்கில "வி" எழுத்தைப் போல இரு பக்கமும் விரிந்தால் விழித்திரை கழன்றிருக்கிறது. மெல்லிய சவ்வு நரம்பின் வாயில் ஒட்டாமல் அதைக் கடந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தாராளமாக அலைந்து, கெயினைக் குறைத்தால் மங்கினால், அது விட்ரியஸ் (கண்ணின் நடுவை நிரப்பும் கூழ்) பின்புறத்திலிருந்து பிரிந்த நிலை. வயதானவர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. உட்புறம் குவிந்த, அசையாத இரு மேடுகள் நரம்பை எட்டாமல் நின்றால், விழித்திரைக்கு அடுத்துள்ள கோராய்டு படலம் கழன்றிருக்கலாம்.

விழித்திரை கழன்றிருந்தால் அன்றே தொலைபேசியில் கண் மருத்துவரைப் பிடிக்க வேண்டும். கடிதம் எழுதி அடுத்த வாரத் தேதி வாங்கும் விஷயமல்ல. கோடு எந்த வகை என்று புரியாவிட்டால், கழன்றிருக்கிறது என்றே கருதி அழையுங்கள்.

இமை வீங்கிக் கண்மணியைப் பார்க்க முடியவில்லை

மோட்டாரிலிருந்து விழுந்து முகம் வீங்கி வருபவரிடம், இமையைப் பிரிக்க முடியாமல் "கண்மணி பார்க்க இயலவில்லை" என்று எழுதி விடுகிறோம். புரோபைக் கீழிமைக்கு அடியில் குறுக்காக வைத்து, மேல் நோக்கிச் சாய்த்தால், கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்படலமான ஐரிஸ் ஒரு வெளிர் வளையமாகவும் கண்மணி அதன் நடுவே கறுப்பு வட்டமாகவும் தெரியும். அடுத்த கண்ணில் விளக்கடித்தால் இந்த வட்டம் சுருங்க வேண்டும். அளவை மில்லிமீட்டரில் எழுதி, மணிக்கொருமுறை அதே கோணத்தில் பார்த்தால், பெரிய மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு முன் எவ்வளவு மாறியது என்று சொல்ல முடியும்.

மயக்கம் ஆழமாகிறது, நரம்புறை தடித்திருக்கிறதா என்று கேட்கிறார்கள்

மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பின் உறை உப்பும். கண்ணின் பின்சுவரிலிருந்து சரியாக 3 மில்லிமீட்டர் பின்னால், நரம்புக்குச் செங்குத்தாக உறையின் அகலத்தை அளக்கிறோம். உறை அதிகம் நெகிழும் இடம் அது. பெரியவர்களிடம் 5 மில்லிமீட்டர் வரை இயல்பு எனக் கொள்வது வழக்கம். 5-க்கும் 6-க்கும் இடையே வெவ்வேறு ஆய்வாளர்கள் வெவ்வேறு எல்லைகளைச் சொல்கிறார்கள். 6-ஐத் தாண்டி, நோயாளியும் மோசமாகிக்கொண்டிருந்தால், அழுத்தம் ஏறியிருக்கிறது என்றே நடந்துகொள்ள வேண்டும்.

இந்த அளவில் அரை மில்லிமீட்டர் தவறினாலும் முடிவு மாறிவிடும், தவறுவதோ மிக எளிது. நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்தில் நிகழ்கின்றன: லென்ஸின் ஓரத்திலிருந்து பின்னால் விழும் நிழலை நரம்பு என்று எண்ணி அளந்துவிடுகிறார்கள். நிழல் லென்ஸிலிருந்து தொடங்கி நேர்கோடாக, கூர்மையான விளிம்போடு திரையின் அடிவரை போகும். நரம்பு கண்ணின் பின்சுவரில் தொடங்கும், சற்று வளையும், அதன் இருபுறமும் உறையின் வெளிர்க் கோடுகள் தெரியும். புரோபைக் கொஞ்சம் நெற்றிப்பொட்டுப் பக்கம் நகர்த்தி, லென்ஸைப் படத்திலிருந்து விலக்கிவிட்டால் நிழலும் போய்விடும். இரண்டாவது தவறு, நரம்பைச் சாய்வாக வெட்டி அளப்பது. அதற்கு மாற்று, குறுக்குவாட்டில் ஒருமுறை, நெடுக்குவாட்டில் ஒருமுறை என இரு கண்களிலும் அளந்து சராசரி எடுப்பதுதான்.

நரம்புறை இயல்பாக இருக்கிறது என்பதால் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புவதைத் தள்ளிப்போடக் கூடாது. தடித்திருப்பது, ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு வலுச் சேர்க்கலாம். வழியில் எதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று ஆம்புலன்சில் போகும் மருத்துவ உதவியாளருக்குச் சொல்ல உதவலாம். அதே படத்தில் நரம்பின் வாய் கண்ணுக்குள் மேடிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மேடு இருந்தால் அழுத்தம் புதிதாக ஏறியதல்ல, சில நாளாகவே இருந்திருக்கலாம்.

கண் முன்தள்ளி, கல்லாக இறுகியிருக்கிறது

இங்கே புரோப் இரண்டாவது இடத்துக்குப் போய்விட வேண்டும். கண்ணுக்குப் பின்னால் எலும்புக் குழிக்குள் இரத்தம் தேங்கினால், கண் முன்னே தள்ளப்படும், இமை மேல் தொட்டால் பளிங்குக் குண்டு போலக் கெட்டியாக இருக்கும், வலி கடுமையாகும், பார்வை மணிக்கு மணி மங்கும், கண்மணி ஒளிக்குச் சரியாகச் சுருங்காது. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தத்தை இறக்காவிட்டால் விழித்திரையும் நரம்பும் மீளாமல் போகக்கூடும். இமையின் வெளி மூலையை வெட்டி, கீழிமையைப் பிடித்திருக்கும் தசைநாரை அறுத்துவிடும் சிறு அறுவையை, பயிற்சி பெற்ற அவசரப் பிரிவு மருத்துவரே படுக்கையில் செய்யலாம். ஸ்கேனில் கண்ணின் பின்சுவர் கூம்பு போல இழுபட்டிருப்பது தெரிந்தால் அது கடைசி எச்சரிக்கை. அதைத் தேடிக்கொண்டு நேரத்தைக் கழிக்கக் கூடாது. எங்கள் பட்டணத்திலிருந்து பெரிய மருத்துவமனை உள்ள ஈப்போவுக்குப் போகும் நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறோம்.

வீடு திரும்பிய பிறகு கண் சிவந்து துடிக்கிறது

தலையில் அடிபட்டுச் சில நாளோ சில வாரமோ கழித்து, ஒரு கண் சிவந்து, வெண்படலம் உப்பி, நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்து, "காதுக்குள்ள ஆத்துல தண்ணி ஓடுற மாதிரி கேக்குது" என்று நோயாளி சொன்னால், கண்வலி என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். கழுத்துத் தமனிக்கும் கண்ணுக்குப் பின்னாலுள்ள சிரைக்குழிக்கும் இடையே ஓட்டை விழுந்திருக்கலாம். மூடிய இமை மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள். இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரில் கண்ணுக்கு மேற்புறத்துச் சிரை பருத்திருப்பதும், இரத்தம் பின்னோக்கிப் போவதற்குப் பதிலாகத் தமனியைப் போலத் துடித்துக்கொண்டு முன்னோக்கி வருவதும் தெரியும். டாப்ளர் அதிக ஆற்றலைச் செலுத்துவதால் சில நொடிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, கண் மட்டும் சிவந்திருக்கிறது

இமை முழுதாக மூடாமல் நாட்கணக்கில் படுத்திருப்பவரின் கார்னியா காய்ந்து புண்ணாகும். அல்ட்ராசவுண்ட் இதைக் காட்டாது. புண்ணை ஒளிரச் செய்யும் ஃப்ளோரசின் சாயத்தை விட்டு நீல விளக்கில் பாருங்கள்; களிம்பு, இமையை மூடி ஒட்டுதல், இரவுப் பணித் தாதியின் கவனம், இவைதான் மருந்து.

அனுப்பும் கடிதத்தில் எழுத வேண்டியவை

எந்தக் கண், எந்த நாள், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், விரல் எண்ண முடிந்ததா, சவ்வு நரம்பில் ஒட்டியிருந்ததா இல்லையா, நரம்புறையின் அளவு, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுக்கிறாரா, நீரிழிவு உண்டா ஆகியவற்றை எழுதுங்கள். சிறு காணொளியைப் பதிந்துவைத்தால் நல்லது; அசைவை ஒற்றைப் படம் காட்டாது. டெர்சன் இரத்தம் பலரிடம் வாரங்களிலோ மாதங்களிலோ தானாகக் கரைகிறது. இரு கண்களிலும் அடர்த்தியாக நின்றால், அல்லது குழந்தையாக இருந்தால், விட்ரியஸை அகற்றும் அறுவையைக் கண் மருத்துவர் முன்கூட்டியே யோசிப்பார்; குழந்தையின் கண் பார்க்காமலே பழகினால் பின்னர் பார்வை வளராமல் போகும்.

அதுவரை வார்டில் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. குலை வெட்டியவரின் கட்டில் தலைமாட்டில் அன்று இரவே ஒரு தாளை ஒட்டினோம்: "இவருக்கு இப்போது பார்வை இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நீங்கள் யாரென்று சொல்லிவிட்டுத் தொடவும்." மறுநாள் பயிற்சி கொடுக்க வந்தவர் அவருடைய கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். குலை வெட்டியவர் வார்டு வாசல் வரை போய்த் திரும்பினார்.